சிவப்பு நூல் போத்தல்கள்

அகன்ற அலுமினியச் சட்டிக்குள் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை கறுத்துப் போயிருந்தன. விரல்கள் திராட்சையை நசுக்கவில்லை, பிதுக்கின. நசுக்கினால் கொட்டை உடையும், கொட்டை உடைந்தால் சாறு கசக்கும், ஒருமுறை கசந்த சாற்றை எந்தச் சீனியாலும் சமாதானப்படுத்த முடியாது. பெருவிரலும் சுட்டுவிரலும் ஒரு பழத்தைப் பிடிக்கும், மெல்ல அழுத்தும், சதை வழுக்கி விழும், தோல் விரலில் தங்கும். ஐந்து கிலோ பழத்துக்கு இரண்டு மணித்தியாலம்.

தானாக வடிந்த முதல் சாறு ஒரு துணியூடாகச் சின்னப் பானைக்குள் இறங்கியது. அந்தத் துணியின் மூலையில் வெள்ளை நூல் முடிச்சு ஒன்று இருந்தது. மிஞ்சிய தோலும் சதையும் ஒரு பெரிய சாடிக்குள் போயின. சாடியின் கழுத்தில் சிவப்பு நூல்.

"முதல் சாறு கர்த்தருக்கு, மிச்சம் எங்களுக்கு," என்றாள் கைகளுக்கு உரியவள். "நீதிதானே மகன்?"

"கர்த்தருக்கு வெறும் சாறு, எங்களுக்கு வைன். நீதி எங்கட பக்கம் கொஞ்சம் சாஞ்சிரிக்கி மாமி," என்றான் குசினி வாசலில் குந்தியிருந்த மருமகன் மதுஷன்.

புஸ்பத்துக்கு ஐம்பத்தாறு வயது. களுவாஞ்சிக்குடிக்குத் தெற்கே வாவியோரம் உள்ள அந்தக் கிராமத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள் பாதி அவளுடைய மெசினில்தான் உருவாகின்றன. தையல் அவளுக்குச் சோறு போட்டது. பெயர் வாங்கிக் கொடுத்தது திராட்சை.

அந்த ஊரில் கிறிஸ்தவ வீடுகள் எல்லாம் நத்தாருக்கு வைன் போடும். பத்து வீட்டில் ஆறு வீட்டு வைன் வினாகிரியாகும், மூன்று வீட்டு வைன் சீனிப்பாணியாகும், ஒரு வீட்டில் சாடி வெடிக்கும். வெடித்த வீடு ஒருகாலத்தில் புஸ்பத்தின் வீடுதான். கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்த முதல் சாடி வெடித்தபோது பக்கத்து வீட்டார் குண்டு என்று நினைத்துக் கிணற்றடிக்கு ஓடினார்கள். அதற்குப் பிறகு அவள் அளவு எழுதத் தொடங்கினாள். இடுப்பளவு, தோளளவு எழுதும் கொப்பியின் பின்பக்கத்தில் பழம் இவ்வளவு, சீனி இவ்வளவு, ஈஸ்ட் ஒரு சிட்டிகை, எத்தனையாம் நாள் என்ன வாசம் என்று எழுதிக்கொண்டே வந்தாள். ஆரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிழைகள்தான் சொல்லிக் கொடுத்தன, அவை நல்ல வாத்தியார்மார்.

சாடியை இறுக்கி மூடக் கூடாது, திறந்தும் வைக்கக் கூடாது. மூடியில் துளை போட்டு, மருந்துக் கடையில் வாங்கிய சேலைன் குழாயைச் செருகி, மறுநுனியைத் தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டிருந்தாள். உள்ளே இருக்கும் காற்று குமிழியாக வெளியே வரும், வெளிக்காற்று உள்ளே போகாது. வைன் பக்குவமாகிவிட்டதா என்று பார்க்க அவளிடம் ஒரு மணிக்கூடு இருந்தது: பரமண்டல ஜெபம். ஆறுதலாக ஒருமுறை சொல்லி முடிக்கையில் ஒரே ஒரு குமிழி வந்தால் வடிக்கலாம். மதுஷன் மண்டூர்ப் பொடியன், முருகன் கோயில் திருவிழாவில் வளர்ந்தவன். கலியாணம் கட்டி, ஊர் வழக்கப்படி பெண் வீட்டுக்கு வந்த பிறகு அந்த ஜெபத்தை அவன் பாடமாக்கியது சாடிக்கு முன்னால்தான். வடிக்கும் நாளைக் கெதியாக்குவதற்காக அவன் அதை மின்னல் வேகத்தில் சொல்லுவான்.

"ஒரு குமிழியும் வரல்ல மாமி. வடிப்பமா?"

"மூச்சு விட்டுச் சொல்லுங்க மனே. கர்த்தர் என்ன, உங்கட ஓட்டோவில ஏறி பஸ் பிடிக்கவா போறார்?"

இது ஒரு பக்கம். மற்றப் பக்கம்தான் அவளுக்குப் பெரிது. அவர்களுடைய சபையில், அப்பமும் பானமும் பகிரும் திருவிருந்துக்கு வைன் கிடையாது. புளிக்காத திராட்சைச் சாறுதான், விரல் நுனி அளவு கண்ணாடிக் கிண்ணங்களில். இருபத்திரண்டு வருடமாக அந்தச் சாற்றைப் புஸ்பம்தான் கொடுத்து வந்தாள். ஒரே பழத்தில் ஒரு பங்கைப் புளிக்க வைக்க வேண்டும், மற்றப் பங்கைப் புளிக்க விடவே கூடாது. முதலாவதற்குத் தாலாட்டு, இரண்டாவதற்குச் சூடு. சாற்றுப் பானையைக் கொதிநீர்ப் பானைக்குள் வைத்து, வாவியில் மீன்குஞ்சு மூச்சு விடுவதுபோல் ஓரத்தில் பொடிக் குமிழி தெரியும் மட்டும் சூடாக்கி, சுடு போத்தலில் ஊற்றி, புதுத் தக்கை போட்டு மெழுகால் அடைப்பாள். கொதித்தால் பழத்தின் வாசம் போய்விடும், சூடு குறைந்தால் புளிப்பு தப்பிப் பிழைத்துவிடும். வைன் துணி, வைன் கரண்டி, வைன் புனல், வைன் போத்தல் எல்லாவற்றிலும் சிவப்பு நூல். சபைக் கோயில் சாமான்களில் வெள்ளை நூல். சிவப்பும் வெள்ளையும் ஒரு தட்டில்கூடச் சேர்ந்து கிடக்கக் கூடாது. சேர்ந்தால், போதகர் பிரசங்கத்தைத் தொடங்க முன்னமே சாறு நுரைக்கத் தொடங்கிவிடும்.

மாதத்தின் முதல் ஞாயிறு கோயிலில் நாலாவது வாங்கில் உட்கார்ந்து, ஊரே தன் கைவேலையை உயர்த்திப் பிடிப்பதைப் பார்ப்பாள். அந்தக் கிண்ணங்களின் நிறத்தைப் பார்ப்பதற்காகவே பாட்டுப் புத்தகத்தைச் சில வேளை தலைகீழாகப் பிடித்திருப்பாள்.

அன்றைக்கு அவள் சாற்றை அடுப்பில் ஏற்றப் போகையில்தான் படலையடியில் சைக்கிள் மணி கேட்டது. அழகரத்தினம் ஐயா. ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர். உத்தியோகம் போய் ஒன்பது வருடம், ஆனால் சட்டைப் பையில் டோர்ச்சும் குறிப்புப் புத்தகமும் போகவில்லை. போன கிழமைதான் சபைப் பொறுப்பாளராகத் தெரிவாகியிருந்தார்.

"பரிசோதனைக்கு வந்த நான்," என்றார் நின்றபடியே.

"ஆருக்கு ஐயா வருத்தம்?"

"வருத்தம் ஒருத்தருக்கும் இல்ல. இந்தக் குசினியப் பாக்க வேணும்."

பகல் பதினொரு மணிக்கு டோர்ச்சை அடித்துச் சட்டியைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், சாடிக்குள்ளும் அடித்தார். அதிலிருந்து கிளம்பிய பழைய வைன் வாசம் அவருடைய மூக்கில் நேரே ஏறியது. வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவும் தொடாத மனிதர். அவருடைய மனைவி வருடா வருடம் நத்தார் கேக்கில் புஸ்பத்தின் வைன் அரைப் போத்தலை ஊற்றுவதும், அதில் பெரிய துண்டை அவரே எடுப்பதும் அவருக்கு மட்டும்தான் தெரியாது.

"இது என்ன புள்ள?"

"நத்தார், ஐயா. இன்னும் பிறக்கல்ல."

மதுஷன் இருமுவதுபோல் வெளியே எழுந்து போனான்.

"பகிடி விடாத புஸ்பம். ஒரே குசினி, ஒரே அடுப்பு. இதில ஒண்டு வெறி, மற்றது திருவிருந்து. சுகாதாரத்துக்கும் ஒத்துவராது, சுவிசேஷத்துக்கும் ஒத்துவராது. கூட்டத்தில முடிவெடுத்தாச்சு. கொழும்பில இருக்கிற என்ட மகனுக்குச் சொல்லி, கலப்பில்லாத சாறு எடுப்பிக்கிறன். பழுதாகாம இருக்கக் கலக்கிற மருந்துகூட இல்லாத சுத்தச் சாறு. நீ கோயில் போத்தலுகளத் தந்தாச் சரி."

கரியும் சாறுமாக இருந்த கைகளைப் புஸ்பம் துடைக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் ஒரு வசனத்தில் முடிந்துபோனதை அவளால் உடனே பிடிக்க முடியவில்லை. பிறகு எழுந்து, வெள்ளை நூல் கட்டிய போத்தல்கள் ஆறை எடுத்து மேசையில் வைத்தாள். மெழுகுக் கறை படிந்த, தக்கை இல்லாத பழைய போத்தல்கள். தக்கை ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் போடுவாள்.

அழகரத்தினம் அவற்றைப் பார்த்தார். பிறகு மேல்தட்டில் சிவப்பு நூலும் நல்ல தக்கையுமாகப் பளபளவென்று நின்ற வெறும் போத்தல்கள் ஆறைப் பார்த்தார். முப்பது வருடம் கடைக்காரரைச் சோதித்தவருக்கு ஒன்று தெரியும்: முன்னுக்கு வைக்கிறது ஒருநாளும் நல்ல சரக்காக இருக்காது.

"ஓ. நல்லத மேல வெச்சிற்று, ஓட்டைய எனக்குத் தாறியா? அந்த ஆறையும் எடு."

"அது வேணாம் ஐயா. அது வைன் போத்தல். அந்தத் தக்கையில..."

"எடு என்டு சொல்லுறன்."

"தக்கைய மட்டுமாவது..."

"எனக்குக் கழுவத் தெரியும் புள்ள. நான் ஊருக்கே கழுவச் சொல்லிக் கொடுத்த நான்."

புஸ்பம் ஆறையும் இறக்கி வைத்தாள். இரண்டு தரம் சொன்னாயிற்று. மூன்றாம் தரம் சொல்லுகிற கடமை பரிசோதிக்கப்பட்டவளுக்கு இல்லை. ஆறு போத்தலும் சைக்கிள் கூடையில் கிலுகிலுத்துக்கொண்டு போயின.

கர்த்தருக்கென்று ஒதுக்கிய முதல் சாற்றை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதையும் தூக்கிச் சாடிக்குள் ஊற்றினாள்.

"இந்த வருசம் நத்தார் நல்லா இருக்கப்போகுது," என்றான் மதுஷன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தான்.

டிசம்பர் முதல் ஞாயிறுக்கு முதல் நாள். மாரி கொட்டியது. வயல் வட்டைகளில் வெள்ளம் நின்றது, கொழும்பு பஸ் இரண்டு நாளாக வரவில்லை. சனி பின்னேரம் கோயிலில் பூ வைப்பது அந்த மாதம் புஸ்பத்தின் முறை. பலிபீடத்து வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டிருந்தவளுக்கு, போதகர் அங்கி மாற்றும் அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஒரு தையல்காரி மெசினுக்குள் ஊசி உடைந்ததை எவ்வளவு சுருக்காக அறிவாளோ, அவ்வளவு சுருக்காக அவள் அதை அறிந்தாள்.

டொப்.

அவள் எட்டிப் பார்த்தபோது அழகரத்தினம் அலுமாரியைத் திறந்தபடி சிலையாக நின்றார். தக்கை கூரைத் தகட்டில் பட்டு, தொங்கிய அங்கியில் விழுந்து, உருண்டு அவருடைய காலடிக்கு வந்து சேர்ந்திருந்தது. சாறு நுரைத்து அலுமாரித் தட்டால் வழிந்தது.

"போத்தலுக்குள்ள ஆரோ இருக்கிறாங்க," என்றார் மெல்லிய குரலில்.

"கொதிதண்ணியில கழுவினீங்களா ஐயா?"

"மூண்டு தரம்!"

"தக்கைய?"

"துடைச்சன்," என்றார். கொதிநீரில் போட்டால் தக்கை ஊதிவிடும் என்று, அதைத் துணியால் துடைத்துத்தான் வைத்திருந்தார். எத்தனையோ வருட வைன் ஊறிய தக்கை. அதற்குள் தூங்கிக்கொண்டிருந்த ஈஸ்ட்டுக்குக் கொழும்பிலிருந்து கலப்பில்லாத சாறு வந்து வாசலைத் தட்டியிருந்தது. ஆறு நாள் விருந்து.

"புளிச்சிற்றா? இல்ல சும்மா காத்தா?" அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். "நீ ருசிச்சுப் பாத்துச் சொல்லு."

"நானா? என்ட வாய் கெட்ட வாய் ஐயா. வைன் குடிக்கிற வாய். நாளைக்கு நீங்க அதையும் கூட்டத்தில சொல்லுவீங்க. பரிசோதிக்கிறது உங்கட வேலைதானே."

அழகரத்தினம் கர்த்தரைப் பார்ப்பதுபோல் கூரையைப் பார்த்தார். ஒரு தேக்கரண்டியை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

"குத்துது," என்றார். கொஞ்சம் யோசித்தார். "ஆனா... ஒரு மணமும் இரிக்கி."

"ஒரு போத்தல் பழுதெண்டா எல்லாம் பழுதெண்டு சொல்லேலாதே ஐயா. மாதிரி எடுக்கிறது எப்பிடி என்டு உங்களுக்குத் தெரியும்."

அவருக்குத் தெரியும். ஒவ்வொரு கொள்கலனையும் தனித்தனியே. இரண்டாவதைத் திறந்து ஒரு கரண்டி, மூன்றாவதில் ஒரு கரண்டி. நாலாவதில் சந்தேகம் வந்து இரண்டு கரண்டி. ஆறு போத்தலும் முடிந்தபோது நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. ஆறேழு கரண்டி இளம் புளிப்பில் கோழிக்குஞ்சுகூடத் தள்ளாடாது. ஆனால் அழகரத்தினம் கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்தார்.

"புஸ்பம், எனக்கு வெறி."

"ஐயோ."

"ஓம். தலை பாரமில்லாமப் போகுது. இந்த நிலையில நான் சைக்கிள் ஓடக் கூடாது. சட்டப்படி பிழை."

"வீட்ட கொண்டு போய் விடச் சொல்லவா?"

"வீட்டயா!" அவர் பதறினார். "மனிசி மணந்து பிடிப்பா. வெறி முறியுமட்டும் எங்கயாவது இருக்க வேணும்." பிறகு பெரிய கவலை நினைவுக்கு வந்தது. "நாளைக்கு ஒன்பது மணிக்கு நூத்தி எண்பது பேர். கடையில சாறு இல்ல. கொழும்புப் பாதை வெள்ளம். நான் என்ன செய்யிறது?"

புஸ்பத்தின் வீட்டில் ஐந்து கிலோ பழம் இருந்தது. மழை விட்ட இடைவெளியில் மதுஷன் காத்தான்குடிக்கு ஓடி, பழக்கடை றிப்ஷானிடம் கடைசிப் பெட்டியாக வாங்கி வந்தது, வருடப் பிறப்புச் சாடிக்கு. "உங்கட மாமிக்கிட்டச் சொல்லுங்க, நான் வித்தது பழம். மறுகா அது என்னவா மாறினாலும் எனக்கும் அதுக்கும் கதையில்ல," என்று வழக்கம்போலச் சொல்லித்தான் றிப்ஷான் கொடுத்திருந்தான்.

பேசாமல் வீட்டுக்குப் போகலாம். நாளைக்கு நாலாவது வாங்கில் இருந்து, வெறுங் கிண்ணங்களோடு அவர் படும் பாட்டைப் பார்க்கலாம். அந்த ஆசை அவளுக்குள் ஒரு நிமிடம் நன்றாகவே நுரைத்தது. ஆனால் வெறுங் கிண்ணம் என்று நினைத்தபோதே அவளுடைய விரல்கள் அரித்தன.

"எழும்புங்க ஐயா. வெறிய எங்கட வீட்டில இருந்து முறிக்கலாம்."

மதுஷனின் ஓட்டோவின் பின் இருக்கையில் பொறுப்பாளர் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஆறு போத்தல். சைக்கிள் கூரையில் கட்டப்பட்டிருந்தது. போகும் வழியில் அந்த ஆறையும் வாவியில் ஊற்ற வேண்டும் என்றார்.

"ஊத்தினா மீனெல்லாம் ஆடிக்கொண்டு கரைக்கு வரும் ஐயா," என்றான் மதுஷன். "பரிசோதகர் ஆர் என்டு மறுகா மீன்பிடிச் சங்கம் தேடும்."

"என்னட்ட விடுங்க," என்றாள் புஸ்பம். சிவப்பு நூல் போத்தல்கள் தங்கள் சாடியிடம் திரும்பிப் போயின.

குசினியில் அவருக்குத் தேசிக்காய் பிழிந்த சாயத் தேநீர் கொடுத்தாள். "முகம் இன்னும் சிவப்பு. சும்மா இருந்தா வெறி ஏறும் ஐயா. கை வேலை செய்தா இறங்கும்," என்று சொல்லிச் சட்டியையும் பழத்தையும் முன்னால் வைத்தாள். அவர் கையைச் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டு, ஒரு பழத்தை எடுத்து நசுக்கினார்.

"நசுக்கக் கூடாது. பிதுக்குங்க."

"ரெண்டும் ஒண்டுதானே?"

"அப்ப கழுவுறதும் துடைக்கிறதும் ஒண்டா ஐயா?"

அவர் பிதுக்கினார். முதல் பத்துப் பழம் கையிலிருந்து பாய்ந்து அடுப்புக்குக் கீழே போனது. இருபதாவதிலிருந்து வந்துவிட்டது. முப்பது வருடம் மற்றவர்களின் வேலையில் குற்றம் கண்டவர், தன் விரலில் ஒரு தோல் முழுதாகக் கழன்று நின்றதைக் கண்டு மதுஷனுக்குக் காட்டினார். அவன் மெச்சவும் செய்தான். அரை மணித்தியாலத்தில் அவருக்கு வெறி என்ற நினைப்பே இல்லை. கைகள் மணிக்கட்டு வரை கறுத்துவிட்டதையும் கவனிக்கவில்லை.

வெள்ளை நூல் துணியில் புஸ்பம் சாற்றை வடித்தாள். பானையைக் கொதிநீருக்குள் இறக்கினாள். இந்த இடத்தில் மட்டும் அவள் பகிடி பேசவில்லை. அடுப்புக்கு நேரே குனிந்து, பானையின் ஓரத்தையே பார்த்தபடி நின்றாள். அவரும் டோர்ச்சை அடித்துப் பார்த்தார்.

"கொதிக்கல்லயே?"

"கொதிக்கக் கூடாது. இந்தா... ஓரத்தைப் பாருங்க. மீன்குஞ்சு மூச்சு." நெருப்பைத் தணித்தாள். "இப்பிடியே இருபது நிமிசம். அதில ஒண்டு குறைஞ்சாலும் நாளைக்கு உங்கட தக்கை மாதிரிப் பறக்கும்."

அவர் குறிப்புப் புத்தகத்தை எடுத்து நேரத்தை எழுதினார். இருபது நிமிடமும் கடிகாரத்தில் கண் வைத்திருந்தார். அந்த நேரத்தில் அவர் இரண்டாவது சாயம் கேட்டார், சிவப்பு நூலும் வெள்ளை நூலும் எதற்கு என்று கேட்டார், பதிலைக் கேட்டு நெடுநேரம் தலையாட்டினார். கடைசியில், பக்கத்தில் ஆரும் இல்லை என்று பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்:

"இது ஒருத்தருக்கும் தெரியப்படாது."

"எது ஐயா? தக்கை பறந்ததா, நீங்க குடிச்சதா?"

"குடிக்கல்ல. பரிசோதிச்சன்."

"ஓம். ஏழு கரண்டி பரிசோதிச்சீங்க."

சுடு போத்தல்கள் மூன்றில் சாறு இறங்கியது. புதுத் தக்கை, அதன்மேல் மெழுகு. பொழுது படுவதற்குள் வேலை முடிந்தது. மழையும் ஓய்ந்திருந்தது. மதுஷன் ஓட்டோவைத் திருப்பி நிறுத்தினான். அழகரத்தினம் ஏறி இருந்துகொண்டு, அப்போதுதான் வெளிச்சத்தில் தன் கைகளைக் கண்டார்.

"இது போகாதா?"

"நாலு நாளில போகும் ஐயா."

"நாளைக்கு நான்தானே அறிவிப்பு வாசிக்கிறது! கையப் பாத்து ஊரே கேட்குமே."

"நல்லம்தானே. கேட்டா பதில் சொல்லலாம்."

அவள் மூன்று போத்தலையும் தடித்த துவாயில் சுற்றி, சூடு தெரியாமல் அவருடைய மடிக்கு நேரே நீட்டினாள். அவர் கறுத்த கைகள் இரண்டாலும் பிடித்தார். ஆனால் அவள் விடவில்லை.

"நாளைக்கு அறிவிப்பில என்ன வாசிப்பீங்க ஐயா?"

அவர் இழுத்துப் பார்த்தார். இருபத்திரண்டு வருடம் பழம் பிதுக்கிய விரல்கள் அவை. அசையவில்லை. முன்னால் மதுஷன் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தான்.

"திருவிருந்துச் சாறு... இந்த மாதம் புஸ்பம் தந்தது என்டு வாசிக்கிறன்."

"இந்த மாதமா?"

வாவிப் பக்கமிருந்து குளிர்காற்று வந்தது. போத்தல்களின் சூடு துவாயைத் தாண்டி இரண்டு பேருடைய கைகளுக்கும் ஏறியது. அழகரத்தினம் இழுப்பதை விட்டார்.

"இனிமேலும்," என்றார். "கூட்டத்திலயும் மாத்திச் சொல்லுறன். ஜனவரிக்கு எத்தின கிலோ பழம் வேணும் என்டு வெள்ளனவே சொல்லு, நானே றிப்ஷானிட்டப் போறன்."

"மடியில நேரா வெச்சுப் பிடிங்க ஐயா. பள்ளத்தில குலுங்கும்," என்றாள் புஸ்பம், விரல்களைத் தளர்த்தியபடி.